வழி காட்டாமல் விலக்குவதா?

சாலையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் விடும் வாலிபர்களைப் பற்றி இன்று இரண்டு தீர்ப்புகள் கேட்கின்றன. ஒன்று காவல் நிலையத்திலிருந்து வருகிறது: பிடி, வண்டியைப் பறிமுதல் செய், வழக்கைப் போடு. மற்றொன்று மிம்பரிலிருந்து வருகிறது: பந்தயம் ஹராம், வேகம் ஷைத்தானின் வேலை, பெற்றோர் கண்டிக்கட்டும். இரண்டையும் நாம் மறுக்கவில்லை. சாலை என்பது அனைவருக்கும் உரிய அமானிதம். அதில் ஒருவன் தன் வீரத்தை நிரூபிக்கப் புறப்பட்டால், கேட்க வேண்டியவர்கள் கேட்டே ஆக வேண்டும். ஆயினும் இவ்விரு தீர்ப்புகளும் பாதித் தீர்ப்புகளே என்பதும், மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டவர்கள் தம் கடமையில் குறை வைத்தவர்களே என்பதும் நம் கட்சி.

ஒன்றை விலக்குகிறவர், அதற்கு ஈடாக ஆகுமான ஒன்றைக் காட்டவும் கடமைப்பட்டவர். வட்டியை விலக்கிய மார்க்கம் வியாபாரத்தை ஆகுமாக்கிற்று. விபசாரத்தை விலக்கிய மார்க்கம் நிக்காஹை எளிதாக்கிற்று. கதவொன்றை அடைக்கும்போது மற்றொன்றைத் திறந்து வைப்பதே ஷரீஅத்தின் வழக்கம். நம் காவல்துறையினரும் நம் ஜமாஅத்துத் தலைவர்களும் அடைத்த கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறார்கள். திறந்த கதவு எங்கே என்று அந்த வாலிபன் கேட்டால், பதில் சொல்ல அவர்களுள் யாரிடமும் சாவி இல்லை.

கோயம்புத்தூருக்குப் புதுப் பாதைகள் வந்திருக்கின்றன. உக்கடத்தையும் ஆத்துப்பாலத்தையும் இணைக்கும் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அவினாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஜி.டி. நாயுடு அவர்களின் பெயர் தாங்கிய மேம்பாலம் 2025 அக்டோபர் 9ஆம் நாள் திறக்கப்பட்டது. ஊருக்கு இவை பேருதவி, ஐயமில்லை. ஆனால் பகலில் ஊழியனையும் நோயாளியையும் விரைந்து கொண்டு சேர்க்கும் அதே நேர்ப்பாதை, ஊர் உறங்கிய பின் பதினெட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து வேறொன்று சொல்கிறது. குறுக்கே தெருவில்லை, நிறுத்தச் சைகை விளக்கில்லை, பார்க்கும் கண்ணுமில்லை. அவன் கையிலிருக்கும் வண்டியோ, அவனுடைய பாட்டனார் காலத்துக் காரைவிட வேகமானது.

விளைவு என்ன? மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களுள் பத்தில் நான்கு பேருக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். பத்தில் ஏழு மரணங்களுக்கு மிகைவேகமே காரணம் என்று அதே கணக்கு சொல்கிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற தொகையோடு முதலிடத்தில் நின்ற மாநிலம் நம் தமிழ்நாடு. இவையெல்லாம் பந்தயத்தால் நேர்ந்தவையல்ல என்பதை அறிவோம். எனினும் வேகத்தை வீரமென்று கருதும் மனம் எங்கே பயில்கிறதோ, அங்கிருந்தே இந்தக் கணக்கின் ஒரு பகுதி வருகிறது. ஜனாஸா வீட்டில் நின்று, 'கத்ரு' என்று சொல்லிக் கைகட்டிக் கொள்வது எளிது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மேல் பொறுப்புச் சாட்டுமாறு பெருமானார் (ஸல்) அறிவுறுத்தியதைப் பாடமாக ஓதிய நாம் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு பந்தயத்தைப் பற்றியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்; மீண்டும் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது அது. அதே திருத்தம் கொண்டுவந்த 199ஏ பிரிவு இன்னும் கடுமையானது. பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால், வண்டியின் உரிமையாளருக்கோ பிள்ளையின் பாதுகாவலருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கோ இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது. பத்தாம் வகுப்பு தேறியதற்குப் பரிசாக மகனுக்கு வண்டி வாங்கித் தரும் அத்தாமார்கள் இந்தப் பிரிவை ஒரு முறை படித்துப் பார்க்கட்டும்.

இந்த 189ஆம் பிரிவைக் கடுமைக்காக மேற்கோள் காட்டுகிறவர்கள், அதில் உள்ள ஒரு நிபந்தனையைக் கவனிப்பதில்லை. சட்டம் பந்தயத்தை அடியோடு விலக்கவில்லை. மாநில அரசின் எழுத்து மூலமான இசைவின்றிப் பொது இடத்தில் நடக்கும் பந்தயத்தையும் வேகச் சோதனையையுமே விலக்குகிறது. இசைவு என்ற கதவைச் சட்டம் தானே வைத்திருக்கிறது. அந்தக் கதவு திறக்கவே திறக்காது என்றும் யாரும் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பர் முதல் நாளிலும் சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி, 3.5 கிலோமீட்டர் நீளத்தில், இரவு விளக்கொளியில் ஃபார்முலா 4 கார்ப் பந்தயம் நடந்தது. அண்ணா சாலையும் நேப்பியர் பாலமும் அன்று பந்தயத் தடங்களாயின. அரசு நினைத்தால் தலைநகரின் தலைவாசலையே பந்தயத்துக்கு ஒழித்துக் கொடுக்க முடியும் என்பது அன்று தெளிவாயிற்று. கேள்வி இதுதான்: உலகம் காண நடத்தும் காட்சிக்குக் கிடைத்த இசைவு, உயிர் காக்க நடத்த வேண்டிய காரியத்துக்கு ஏன் கிடைக்கக் கூடாது? வேலிக்கு வெளியே நின்று பார்த்த பையனுக்கு அந்தப் பந்தயம் ஆசையை ஊட்டியது, இடத்தை ஊட்டவில்லை. ஆசையோடு வீடு திரும்புகிறவன் அதை எங்கே கொண்டுபோய்த் தீர்ப்பான் என்று எவரேனும் எண்ணினார்களா?

மார்க்கத்தின் பெயரால் பேசும் நண்பர்களிடம் நமக்கு நீண்ட வழக்கு உண்டு. "பந்தயம் என்றாலே ஹராம்" என்று அவர்கள் சொல்வது அறியாமை. ஃபிக்ஹு நூல்களில் பந்தயத்துக்கும் அம்பெறிதலுக்கும் தனிப் பாடமே உண்டு. ஹராமான ஒன்றுக்கு நம் இமாம்கள் விதிமுறை வகுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள் என்பதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரீயிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியிருக்கிறது. அந்த அறிவிப்பை ஓதிவிட்டுக் கடந்து போகாமல் நின்று பாருங்கள். உடல் இறுக்கிப் பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை என எல்லை வகுத்தார்கள்; ஐந்தாறு மைல் தொலைவு. பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை; ஏறக்குறைய ஒரு மைல். அந்தப் பந்தயத்தில் ஓடிய வாலிபர்களுள் அறிவிப்பாளரான இப்னு உமரும் ஒருவர்.

இதில் அடங்கியிருக்கும் ஞானத்தை என்னென்பது! தொடக்கம் குறிக்கப்பட்டது, முடிவு குறிக்கப்பட்டது. பயின்றதற்கு ஒரு தூரம், பயிலாததற்கு ஒரு தூரம் என்று தரம் பிரிக்கப்பட்டது. நடத்தியவர் யாரோ ஒரு சூதாடியல்லர். சமுதாயத்தின் தலைவர், நீதிபதி, பாதுகாவலர் எல்லாமாக இருந்தவர். முடிவெல்லை எங்கே நின்றது? ஒரு பள்ளிவாசலருகே. இளைஞரின் வேகம் பள்ளிவாசலுக்குப் பகையென்று கருதுகிறவர்கள் இந்த அறிவிப்பின் கடைசிச் சொல்லைச் சற்றுச் சிந்திக்கட்டும்.

பந்தயத்தில் எது கூடாது என்பதையும் நம் இமாம்கள் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்கள். ஓடுகிறவர்கள் இருவரும் பணயம் வைத்து, வென்றவன் தோற்றவனின் பொருளை எடுத்துக்கொள்வது சூது. வெளியிலிருந்து ஒருவர், அல்லது ஆட்சியாளர், வென்றவனுக்குப் பரிசு தருவது சூதன்று. இன்று நள்ளிரவுச் சாலைகளில் வண்டியையே பணயம் வைத்து ஓடுவதாகக் கேள்விப்படுகிறோம். அது ஹராம் என்பதில் இரு கருத்தில்லை. ஆனால் அதை ஹராமாக்குவது பணயமும், வழிப்போக்கனுக்கு இழைக்கும் ஆபத்துமே, வேகமன்று. நோய் எது, உடம்பு எது என்று பிரித்தறியாத வைத்தியன் நோயோடு உடம்பையும் வெட்டுவான்.

தோல்வியைத் தாங்கவும் அந்தப் பந்தயத் திடலே கற்றுத் தந்தது. பெருமானாரின் (ஸல்) அழ்பா என்ற பெண் ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. நாட்டுப்புறத்து அரபி ஒருவர் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டபோது தோழர்கள் மனம் நொந்தார்கள். உலகில் உயர்ந்தது எதுவும் ஒருநாள் தாழும், அதுவே இறைநியதி என்று அண்ணலார் அவர்களைத் தேற்றினார்கள். சாலையில் முந்தப்பட்டதற்காக வஞ்சம் வைத்துத் துரத்திச் செல்லும் பிள்ளைக்கு இந்தப் பாடத்தை எந்தத் திடலில் நாம் கற்றுக் கொடுத்தோம்?

கொங்கு நாட்டுக்கு இது புதிய செய்தியுமன்று. இங்குள்ள நம்மவருள் பலர் தம் பெயரோடு தாங்கும் 'இராவுத்தர்' என்ற சொல்லுக்கே குதிரை வீரர் என்பது பொருள். கோவை நகரின் நடுவே ரேஸ்கோர்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒரு காலத்தில் குதிரைகள் ஓடிய அந்த வட்டத்தில் இன்று பெரியவர்கள் காலை நடை பயில்கிறார்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில் காங்கேயம் காளைகளைப் பூட்டி ரேக்ளா வண்டி விடுவது ஊரறிந்த வழக்கம். 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் அளந்து, கோடு கிழித்து, நேரம் கணித்து, பரிசு அறிவித்து நடத்துகிறார்கள். 2014 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியபோது, இந்த மண் அடங்கியிருக்கவில்லை. 2017 தைமாதத்தில் மாநிலமே திரண்டது, சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே 18ஆம் நாள் அரசியல் சாசன அமர்வு தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் திருத்தங்களை ஏற்றது. காளைக்காக விதிகளோடு கூடிய பந்தயத்தைப் போராடிப் பெற்ற நாடு, பிள்ளைக்காக அதைக் கேட்க ஏன் நாணுகிறது?

எந்திரத்தைப் பொறுத்த வரையிலும் கோவை எவருக்கும் இளைத்த ஊரன்று. கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தில் அதை வாங்கி, பிரித்துப் போட்டுப் பூட்டிப் பார்த்தே எந்திரக் கலையில் காலடி வைத்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே பேருந்து விட்டார். வண்டி மோகம் கொண்ட ஓர் இளைஞனை அன்று யாரும் உருப்படாதவன் என்று ஒதுக்கியிருந்தால் கோவை எதை இழந்திருக்கும்? பின்னாளில் கரிவரதன் என்ற செல்வந்தர் வீட்டு இளைஞர், ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கோவையிலேயே வடிவமைத்து, குறைந்த செலவில் பலரும் ஓட்டிப் பழக வழி செய்தார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். அவர் பெயரால் போத்தனூருக்கு அப்பால் செட்டிபாளையத்தில், 2000களின் தொடக்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த பந்தயத் தடம் எழுந்தது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவையில் வளர்ந்தவரே.

ஆக, தடம் நம் வாசலில் இருக்கிறது. கரும்புக்கடையிலிருந்தும் குனியமுத்தூரிலிருந்தும் அது கூப்பிடு தூரந்தான். ஆனால் பட்டறையில் நாட்கூலிக்கு ஸ்பேனர் பிடிக்கும் பையனுக்கு அது கடல் கடந்த நாடு. பந்தய உடை, பந்தய உரிமம், வண்டிச் செலவு, பயிற்சிக் கட்டணம் என்று ஒவ்வொன்றும் ஒரு மதில். பணமுள்ளவன் வேகமாகப் போனால் அது விளையாட்டு. பணமில்லாதவன் போனால் அது குற்றம் என்று ஆகிவிட்டது. இந்த வேறுபாட்டைச் சட்டம் உண்டாக்கவில்லை. நம் அலட்சியம் உண்டாக்கிற்று. கைக்கெட்டாத தடத்தை விட்டுக் கைக்கெட்டும் கைப்பேசித் திரையை அவன் குருவாகக் கொண்டான். வேகத்தைக் காட்டியே இலட்சக்கணக்கானோரைச் சேர்த்த நம் மாவட்டத்து இளைஞர் ஒருவர், 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்ட முயன்று விழுந்து, சிறை சென்று, பத்தாண்டுக்கு உரிமத்தையும் இழந்தார். அவர் பெயரை எழுதிப் புறம்பேச நமக்கு விருப்பமில்லை. அந்த இலட்சக்கணக்கானோருக்கு வேறு குரு கிடைக்கவில்லையே என்பதே நம் வருத்தம்.

பிற நாட்டார் என்ன செய்தார்கள்? இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாலிபர்கள் தெருக்களிலும் வறண்ட ஏரிப் படுகைகளிலும் கார் விரட்டிக்கொண்டிருந்தார்கள். பொமோனா நகரக் காவல் தலைவர் ரால்ஃப் பார்க்கரும், பட் கூன்ஸ் என்ற சார்ஜெண்டும் அவர்களை விரட்டுவதோடு நிற்கவில்லை. 1951இல் வாலி பார்க்ஸ் தொடங்கிய தேசிய ஹாட் ராட் சங்கத்தோடு கைகோத்தனர். அச்சங்கத்தின் இசைவு பெற்ற முதற்பந்தயம் 1953இல் பொமோனா பொருட்காட்சித் திடலின் வண்டி நிறுத்துமிடத்தில் நடந்தது. மறு ஆண்டு அந்தச் சார்ஜெண்டே ஒரு குழுவுடன் ஊர் ஊராகச் சென்று, பாதுகாப்பான பந்தயம் நடத்துவது எப்படி என்று கற்பித்தார். சாண்டியாகோ நகரில் 1990களின் பிற்பகுதியில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீஃபன் பெண்டர் முன்னின்று, விளையாட்டரங்கின் வண்டி நிறுத்துமிடத்தில் முறைப்படியான பந்தயம் தொடங்கினார். அங்கே ஓடிய தூரம் எட்டில் ஒரு மைல். ஏறக்குறைய 200 மீட்டர். நம் ரேக்ளாவின் தூரமும் அதுவே என்பதைக் கொங்கு நாட்டார் கவனிக்கட்டும். 2022 ஜனவரியில் இந்தோனேசியாவில், ஜகார்த்தா மாநகரக் காவல்துறை தானே முன்வந்து அஞ்சோல் கடற்கரைப் பகுதியில் தெருப்பந்தயப் பிள்ளைகளுக்குப் பந்தயம் நடத்திக் கொடுத்தது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு அது.

இவற்றுள் நம் நெஞ்சைத் தொடுவது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் வரலாறு. 1965இல் அந்நகரின் வாட்ஸ் பகுதியில் கறுப்பின மக்களுக்கும் காவல்துறைக்குமிடையே மூண்ட கலவரம் உலகறிந்தது. அதன் புகை அடங்காத காலத்தில், வில்லி ராபின்சன் என்ற கறுப்பின இளைஞர் பந்தயக்காரர்களைத் திரட்டி ஒரு சகோதர சங்கம் கண்டார். கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோ வம்சத்தார் எல்லாரும் அதில் இருந்தனர். காவல்துறையில் சிலர் அவரைப் பகைக்காமல் துணைக்கொண்டனர். 1974இல், நகரத் தலைவர் டாம் பிராட்லியின் ஆதரவோடு, துறைமுகத்திலுள்ள டெர்மினல் தீவில் அவர்களுக்கு ஒரு தடம் கிடைத்தது. இடையிடையே மூடப்பட்டும் திறக்கப்பட்டும் தொடர்ந்த அது 1995இல் அடியோடு மூடப்பட்டது. மைதானம் நிலைக்கவில்லை என்று சிலர் எள்ளலாம். அது நிலைக்காமற் போனது பிள்ளைகளின் குற்றமன்று. நிலத்துக்கு வேறு வேலை வைத்த பெரியவர்களின் செயல்.

கோவையில் வாழும் நமக்கு அந்த வரலாற்றின் பொருள் விளக்க வேண்டியதில்லை. 1997 நவம்பர் இறுதியில் உக்கடத்தில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்த நாட்களில் நம்மவர் உயிர்கள் பறிபோனதும், 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டதும் இந்நகரின் மேனியிலுள்ள வடுக்கள். அன்று பிறந்திராத பிள்ளைகள்கூட அந்த வடுவோடு வளர்கிறார்கள். கோட்டைமேட்டுப் பிள்ளைக்குக் காக்கிச் சட்டை தூரத்தில் தெரிந்தாலே வண்டியைத் திருப்பத் தோன்றுகிறது. காவலருக்கோ அவன் திருப்பியதே சந்தேகமாகிறது. துரத்தல் தொடங்குகிறது, வேகம் இரட்டிக்கிறது. மற்றவன் ஒருவனுக்கு அபராதத்தோடு முடியும் வழக்கு, நம் பிள்ளையின் பெயரைக் கேட்டதும் எங்கெங்கோ கிளை விடுமோ என்று தாய் நடுங்குகிறாள். இந்த அச்சத்தைப் போக்குவதற்கு ஆயிரம் நல்லிணக்கக் கூட்டங்களைவிட, ஒரு காவலரும் ஒரு வாலிபனும் ஒரே வண்டியின் சங்கிலியைக் குனிந்து பார்க்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்.

ஆனால் கூட்டுறவு என்ற பெயரில் எதுவும் வரலாம் என்று நாம் சொல்லவில்லை. 1993இல் இராமநாதபுரத்தில் தொடங்கிய 'காவல்துறை நண்பர்கள்' அமைப்பு நல்ல நோக்கத்தோடு பிறந்ததே. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு மாண்டபின், அடுத்த மாதமே அவ்வமைப்புக்கு அரசு தடை விதித்தது. பொதுமக்களின் கையில் காவலரின் தடியைக் கொடுப்பது கூட்டுறவன்று என்பது அப்போது விளங்கிற்று. பிள்ளைகளை ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கச் செய்வதும் கூட்டுறவன்று. மைதானத்துக்கு வருகிறவனின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கலாம். சந்தேகப் பட்டியலில் ஏறக் கூடாது. இந்த ஒரு வாக்கைக் காவல்துறை தரவில்லையானால் மைதானம் காலியாகவே கிடக்கும்.

2022இல் கோவை மாநகரக் காவல்துறை, கல்லூரி மாணவியரின் குறை கேட்கப் பெண் காவலர்களை 'போலீஸ் அக்கா' என்று அனுப்பத் தொடங்கியது. பாராட்டத் தக்க செயல். பெண் மக்களுக்கு ஓர் அக்கா கிடைத்தாள். ஆண் மக்களுக்கு ஓர் அண்ணன் வேண்டாமா? அவனுக்குக் கிடைப்பது தடுப்புவேலி மட்டுந்தானா?

நாம் கேட்பது பெரிதன்று. மாதத்தில் ஒரு நாள், அரசின் எழுத்து மூலமான இசைவோடு, வேலியிட்ட ஒரு நேர்த்தடம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடந்தது போர்க்காலத்துப் பழைய விமான ஓடுதளத்தில்தான். பளிங்குத் தடத்தில் அன்று. பதினெட்டு நிரம்பி உரிமம் பெற்றவனுக்கே இடம். தலைக்கவசமும் கையுறையும் இல்லாதவன் கோட்டருகே வரக் கூடாது. வண்டியைப் பட்டறை மேஸ்திரிகள் சோதித்துக் கொடுக்கட்டும். இந்தக் கலையில் நம்மவர் கை தேர்ந்தவர்கள். ஆம்புலன்ஸ் வண்டி ஒன்று இறுதி வரை நிற்கட்டும். பணயம் கூடாது, பரிசு உண்டு. புதியவனுக்கு ஒரு தூரம், பயின்றவனுக்கு ஒரு தூரம். மதீனாவில் வகுத்த அதே முறை. முதல் முறை பிடிபடுகிறவனுக்கு, 2019 திருத்தம் இடந்தரும் சமூகப் பணியை அந்தத் திடலிலேயே கொடுக்கலாம்: கோடு போடட்டும், தலைக்கவசம் எடுத்துக் கொடுக்கட்டும், விழுந்தவனைத் தூக்கட்டும்.

"மைதானம் கொடுத்தால் தெருப் பந்தயம் நின்றுவிடுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. மைதானத்தால் மட்டும் நிற்காது. சாண்டியாகோ நகரம் ஒரு கையால் மைதானத்தைத் திறந்தபோதே, மறு கையால் தெருப் பந்தயத்துக்கு எதிரான சட்டத்தையும் இறுக்கிற்று. இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும். நிக்காஹ் இருந்தும் விபசாரம் உலகை விட்டு ஒழியவில்லை. அதற்காக நிக்காஹை நிறுத்திவிட்டோமா? வழி இருந்தும் வழி தவறுகிறவனைத் தண்டிக்கையில் நம் கை நடுங்காது. வழியே காட்டாமல் தண்டிக்கிற கைதான் நடுங்க வேண்டும்.

"அது பிள்ளைகளை இன்னும் கெடுக்கும்" என்பது மற்றோர் ஆட்சேபம். நீச்சல் கற்பித்தால் ஆற்றில் விழுவான் என்று சொல்வதைப் போன்றது இது. தடத்தில் ஓட்டிப் பழகியவனுக்குத் தன் வண்டி எந்த வேகத்தில் கையை மீறும், நிறுத்துவதற்கு எத்தனை தூரம் வேண்டும் என்பது உடம்பால் தெரியும். அதைத் தெரியாதவனே மேம்பாலத்தில் அச்சமின்றிப் பறக்கிறான். அறியாமையின் துணிவைத் துணிவென்று கொள்ளலாகாது.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு சொல். கந்தூரிக்கும் கட்டடத்துக்கும் திரட்டிய பொருளில் ஒரு சிறு பங்கு தலைக்கவசத்துக்கும் திடல் வாடகைக்கும் போகட்டும். நிக்காஹ் பதிவேட்டைப் புரட்டும் முத்தவல்லி, மஹல்லாவில் உரிமமின்றி வண்டி ஓட்டும் பிள்ளைகளின் வீடுகளையும் தட்டட்டும். ஜும்ஆ பயானில் ஹராமைச் சொல்லும் ஹஜ்ரத், அதே மூச்சில் "வரும் ஞாயிறு இன்ன திடலில்" என்று ஆகுமானதையும் அறிவிக்கட்டும். அப்போதுதான் அவர் சொன்ன முதற்பாதிக்கு மதிப்புண்டாகும்.

மாநகரக் காவல் ஆணையரும், மாவட்ட ஆட்சியரும், தடத்துக்கு உரியவர்களும், எல்லாச் சமயத்துப் பெரியவர்களும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தால் ஒரு மாலையில் முடியும் காரியம் இது. அமராமல் தள்ளிப்போட்டால், அந்த மாலையும் கழியும், இரவும் வரும். மேம்பாலத்தில் மீண்டும் உறுமல் கேட்கும். அன்று விழுகிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று எவருக்கும் தெரியாது. கபுருஸ்தானில் மண் போட வருகிற நம் கைகள், அதற்கு முன்னால் ஒரு திடலில் கோடு போட வந்திருக்க வேண்டிய கைகள். இன்னும் காலம் கடந்துவிடவில்லை. வந்து கோட்டைப் போடுவோம்.